16 அங்குல ஸ்க்ரோல் சோ: குருவிக்கூடு வெட்ட வாங்கியவனின் எட்டு மாதக் கணக்கு

எட்டு மாதமாக வீட்டு விறாந்தையில் இந்த ஸ்க்ரோல் சோ, அதாவது மரத்தில் வளைவு வெட்டும் மின்வாள், கிடக்கிறது. முதல் மாதம் திட்டித் தீர்த்தேன். இரண்டாம் மாதம் விற்றுவிடலாம் என்று மாங்குளம் சந்தியில் இரண்டு பேரிடம் சொல்லிவைத்தேன். இப்போது யாராவது விலைக்குக் கேட்டால் எரிச்சல் வருகிறது. பெட்டியைப் பிரித்த அன்றே எழுதியிருந்தால் ஒரு நட்சத்திரம்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

சாமான் இதுதான்: ஒரு சின்ன இரும்பு மேசை, நடுவில் ஓர் ஓட்டை, அந்த ஓட்டைக்குள்ளால் தடித்த நூல் மாதிரி ஒரு வாள் பிளேட் நிமிடத்துக்கு 400 தொடக்கம் 1600 தடவை வரை மேலும் கீழும் போய்வரும். வாள் நின்ற இடத்திலேயே நிற்கும், மரத்தைத்தான் நாம் கையால் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அம்மா முதல் நாள் பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, தையல் மெசினுக்குப் பலகை குடுக்கிறாய்?" என்றார். அதைவிடச் சரியாக என்னால் விளக்க முடியாது. 16 அங்குலம் என்பது பிளேட்டிலிருந்து பின்னால் மெசினின் கை வளைகிற இடம் வரைக்குமான தூரம். பிளேட்டின் நீளம் என்று நினைத்து ஏமாறாதீர்கள், அது வெறும் 5 அங்குலம். 2 அங்குலத் தடிப்பு வரை மரம் போகும், மேசை ஒரு பக்கமாக 45 பாகை வரை சரியும், மோட்டர் 120 வாட்ஸ், அதாவது இரண்டு மின்விசிறிக்குக் கிட்டிய செலவு. நான் கொடுத்தது 62,000 ரூபா, அதற்குமேல் கொண்டுவந்த கூலி.

பிராண்ட் பெயரை எழுதவில்லை. இதே வார்ப்பை, இதே கைப்பிடியை, மூன்று நாலு நிறத்தில் மூன்று நாலு பெயர் ஒட்டி விற்கிறார்கள், படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். ஆகவே நான் சொல்லும் நல்லதும் கெட்டதும் அந்த வகை மெசின் எல்லாவற்றுக்கும் ஓரளவு பொருந்தும்.

நான் தச்சன் இல்லை. பகலில் கணக்கு எழுதுகிறேன், பின்னேரம்தான் மரம். கனடாவில் இருக்கும் மச்சாள் போன வருடம் ஒரு படம் அனுப்பினா: நத்தார் மரத்தில் தொங்கவிடுகிற சின்னச் சின்ன மரக் குருவிக்கூடுகள், பெருவிரல் அளவு, ஒவ்வொன்றுக்கும் குட்டி வாசல், குந்தியிருக்க ஒரு குச்சி, மேலே ஒரு கொளுக்கி. "உங்கட மரத்தில இப்பிடி நாப்பது செய்து தருவியளோ, கோயில் விற்பனைக்கு" என்று கேட்டா. கைவாளை வைத்து இரண்டு செய்து பார்த்தேன். ஒன்று கூடு மாதிரி இருந்தது, மற்றது பல்லுப் போன அம்மிக்குழவி மாதிரி இருந்தது. அதற்குப் பிறகுதான் மெசின்.

சாமான் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தால் இன்னும் வயிறு எரியும். கொழும்பில் ஒரு கடையில் ஓடர் பண்ணினேன். நாலு நாள் என்றார்கள், பதினோராம் நாள் வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து தருவோம் என்றவர்கள் ஏ9 வீதியோரம் ஒரு தேத்தண்ணிக் கடையில் இறக்கிவிட்டுப் போன் அடித்தார்கள். 20 கிலோவுக்கு மேலே பாரம், மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு ஒருத்தன் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்க உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம். பிரித்துப் பார்த்தால் கீழ்ப்பக்கம் பிளேட்டை இறுக்கும் திருகாணி புரி போய்ச் சும்மா சுற்றுகிறது. படம் அனுப்பினேன், "பாத்திட்டுச் சொல்லுறம் சேர்" என்றார்கள், மூன்று கிழமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பக்கத்தில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் பித்தளையில் பெருவிரலால் திருகக்கூடிய மாதிரி ஒன்று கடைந்து தந்தார், கூலி 600 ரூபா. தொழிற்சாலை கொடுத்ததைவிட அது திறம். புதிய திருகாணி பிறகு தபாலில் வந்தது, இன்னும் உறையைக் கிழிக்கவில்லை. கடைக்கு நட்சத்திரம் கேட்காதீர்கள்.

இனி மெசின்.

இந்தக் கூட்டை வெட்டும் முறை தெரியாமல் மெசினை மதிப்பிட முடியாது, ஆகவே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். நாலு பக்கமும் மட்டமாகச் சீவிய ஒன்றேகால் அங்குலச் சதுரக் கட்டை ஒன்று வேண்டும், நீளம் மூன்றரை அங்குலம். கூட்டின் உருவத்தைக் கடதாசியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தரம் வரைந்து, நடுக்கோட்டில் மடித்து, மடிப்பு சரியாகக் கட்டையின் விளிம்பில் குந்தும்படி ஒட்ட வேண்டும். நேரே மரத்தில் ஒட்டினால் பிறகு சுரண்டிச் சாக வேண்டும், முதலில் மாஸ்கிங் டேப், அதற்கு மேலே கடதாசி. கட்டை சதுரமாக இருக்கும்போதே வாசலைத் துளைத்துவிட வேண்டும், 8 மில்லிமீற்றர். அதற்குக் கீழே குச்சிக்கு 2 மில்லிமீற்றர். வளைவுகளை வெட்டின பிறகு துளைக்கப் போனால் கட்டை கையில் நிற்காது. அப்புறம் முதல் பக்கம்: இடது கோடு ஒரே ஓட்டம், வலது கோடு ஒரே ஓட்டம், நடுவில் நிறுத்தி வெளியே வந்து திரும்பப் போகிற வேலை கூடாது. வெட்டி விழுந்த இரண்டு கழிவுத் துண்டையும் எறிந்துவிடாதீர்கள் (முதல் தரம் எறிந்தேன், அடுப்படியில் தேடி எடுத்தேன்). அவற்றை இருந்த இடத்திலேயே திரும்பச் சேர்த்து, செலோடேப்பால் இறுக்கிச் சுற்றி, கட்டையைப் பழையபடி சதுரமாக்கி, 90 பாகை திருப்பி, இரண்டாம் பக்கத்தை அதே மாதிரி வெட்ட வேண்டும்.

இப்போது கையில் இருப்பது டேப் சுற்றிய ஒரு மரக்கட்டி, அவ்வளவுதான், உள்ளே என்ன நடந்தது என்று வெளியில் ஒன்றும் தெரியாது. டேப்பைக் கிழித்து இரண்டு விரலால் அழுத்தினால் கோது கழன்று நாலு பக்கமும் விழ, நடுவில் கூரை, கழுத்து, அடித்தட்டு எல்லாம் நாலு பக்கமும் ஒரே வடிவாகக் கூடு வெளியே வரும். பனங்கொட்டையைப் பிளந்து பூரான் எடுக்கிற சந்தோசம்தான். இன்றுவரை அந்த நேரத்தில் வீட்டில் யாராவது இருந்தால் கூப்பிட்டுக் காட்டுகிறேன், அவர்களுக்கு அலுத்துவிட்டது.

இந்த முறைக்கு மெசினிடம் கேட்பது ஒன்றே ஒன்று: பிளேட் மேசைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். தட்டைப் பலகையில் படம் வெட்டுகிறவர்களுக்கு ஒரு பாகை அங்கே இங்கே இருந்தால் கண்ணுக்கே தெரியாது. நமக்கு 32 மில்லிமீற்றர் தடிப்பு, ஒரு பாகை சரிந்தாலே மேலுக்கும் கீழுக்கும் அரை மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வரும், அதையே 90 பாகை திருப்பி மறுபடி வெட்டுகிறோம், கூரை ஒரு பக்கம் தொப்பியைச் சரித்துப் போட்ட மாதிரி நிற்கும். இந்த மெசினில் மேசைக்குக் கீழே பாகை காட்டுகிற ஒரு தகடும் முள்ளும் இருக்கிறது. அந்த முள் பொய் சொல்லும். எனக்கு வந்ததில் பூச்சியத்தில் வைத்தால் உண்மையில் கிட்டத்தட்ட ஒன்றரைப் பாகை சரிவு. முதல் ஒன்பது கூடும் இதனால்தான் போனது, நான் என் கையைத்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முள்ளை மறந்துவிட்டு இப்படிச் செய்யுங்கள். ஒரு தடித்த கட்டையை எடுத்து விளிம்பில் ஒரு நெல்லு ஆழத்துக்கு மட்டும் வெட்டி மெசினை நிறுத்துங்கள். கட்டையைத் தூக்காமல் மேசையிலேயே சுற்றி, பிளேட்டின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோய், அதே வெட்டைப் பிளேட்டின் முதுகில் பொருத்திப் பாருங்கள். பிளேட் அந்தக் கீறலுக்குள் மேலிருந்து கீழ்வரை சும்மா வழுக்கி இறங்கினால் மேசை சரி. மேலே இறங்கிக் கீழே முட்டினால், அல்லது மறுவளமாக இருந்தால், சரிவு. மேசைத் திருகைத் தளர்த்தி ஒரு மயிரிழை அசைத்துத் திரும்ப வெட்டிப் பார்க்க வேண்டும். மூலைமட்டம் வைத்துப் பார்ப்பதைவிட இது நம்பிக்கையானது, ஏனென்றால் பிளேட் மெல்லியது, மட்டத்தை அதில் சாய்த்தாலே வளைந்து கொடுக்கும். இப்போது வேலை தொடங்குமுன் ஒவ்வொரு நாளும் இதைச் செய்கிறேன். அதிர்வில் மேசை தளர்ந்துவிடும், அதுவும் இந்த மெசினின் குணம்.

அதிர்வு என்றதும் நினைவுக்கு வருகிறது. தனியே மேசையில் வைத்தால் 1000க்கு மேல் வேகத்தைக் கூட்டும்போது நடந்து போகும், உண்மையாகவே. ஒருநாள் கதவடி வரை போனது. அடியில் பழைய சைக்கிள் ட்யூப்பை வெட்டி விரித்து, நாலு மூலைக்கும் ஆணி இறுக்கினேன். அதன் பிறகு மேசையில் வைத்த தேத்தண்ணிக் கோப்பை ஆடவில்லை. நான் வெட்டுவது பெரும்பாலும் 700, 800இல், தடித்த கட்டைக்கு அதற்குமேல் போனால் மரம் கருகி மணக்கும்.

பிளேட் விசயத்தில் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் பெட்டிக்குள் வருகிற பிளேட்டைக் கொண்டு இந்த மெசினை மதிப்பிடுவது கடைச் சம்பலைக் கொண்டு தேங்காயை மதிப்பிடுகிற மாதிரி. வருவது இரண்டு முனையிலும் குறுக்கே ஊசி செருகின பிளேட். மாட்டிக் கழற்ற லேசு, ஆனால் அகலம், தடிப்பு, முரட்டுப் பல்லு, வளைவில் திரும்பாது, அந்த ஊசி முனை சின்னத் துளைக்குள்ளே போகவும் மாட்டாது. ஊசி இல்லாத வெறும் பிளேட்டை மாட்ட ஒரு சோடி இறுக்கியும் ஒரு அறுகோணச் சாவியும் அதே பெட்டியில் மூலையில் கிடக்கும், தூக்கி எறிந்துவிடாதீர்கள். வெறும் பிளேட்டுக்கு நம்பர் இருக்கிறது, நம்பர் கூடக் கூடத் தடிப்பும் அகலமும் கூடும். வேப்பம் கட்டைக்கு 5, தேக்குக்கு 7, இது என் கணக்கு. மச்சாள் அனுப்பிய சுவிஸ் பிளேட் ஒரு டசின், பெகாஸ், அதை மாட்டின அன்றுதான் இந்த மெசின் எதற்குப் பிறந்தது என்று விளங்கியது. வெட்டின முகத்தைத் தடவினால் சாண்ட் பேப்பர் பிடித்த மாதிரி இருந்தது.

ஒரு விசயம், புதிதாகத் தொடங்குகிறவர்கள் அழுவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்: பிளேட் நேரே வெட்டாது. கோட்டை நேராகப் பிடித்துத் தள்ளினால் வாள் வலப்பக்கமாகவே இழுக்கும். மெசின் பிழை இல்லை. தொழிற்சாலையில் பிளேட்டுக்குப் பல்லு வெட்டும்போது அதன் ஒரு பக்கத்தில் மெல்லிய பிசிறு நின்றுவிடும், அந்தப் பக்கம் கூர் கூட, ஆகவே அந்தப் பக்கமாகவே தின்னும். கட்டையைக் கொஞ்சம் சரிவாகப் பிடித்துக் கொடுத்தால் நேரே போகும், ஒரு கிழமையில் கை தானாகப் பழகிவிடும். அதேபோல அவசரப்பட்டுத் தள்ளினால் தடித்த கட்டைக்குள்ளே பிளேட் வில்லாக வளைந்து, மேலே கோட்டில் நிற்க, நடுவில் வயிறு வைத்துவிடும். தள்ளாதீர்கள், வாள் கேட்கிற அளவுக்குக் கொடுங்கள். இழுவை போதுமா என்று பார்க்க நான் பிளேட்டை நகத்தால் சுண்டுவேன், டிங் என்று கணீரென்று கேட்க வேண்டும், டொக் என்றால் இன்னும் இறுக்க வேண்டும். இழுவை நெம்புகோல் இந்த மெசினில் பின்னுக்கு இருக்கிறது, ஒவ்வொரு தரமும் எட்டி எட்டித் தோள்மூட்டு நோகும். விலை கூடிய மெசின்களில் முன்னுக்கே வரும்.

தூள் ஊதுகிற குழாய்? அலங்காரம். ஒரு பிளாஸ்டிக் தும்பிக்கை, அதில் வருகிற காற்றைவிட நான் பெருமூச்சு விட்டால் கூட வரும். கோடு தூளுக்குள் மறைந்துவிடும். மீன்தொட்டிக்கு வைக்கிற சின்னக் காற்றுப் பம்ப் ஒன்றை வாங்கி அந்தக் குழாயிலேயே செருகிவிட்டேன், பிரச்சினை தீர்ந்தது. அதோடு வருகிற விளக்கு மூன்றாம் நாள் போனது, மாற்றவில்லை.

கரண்ட். எங்கள் ஒழுங்கையில் நாங்கள்தான் கடைசி வீடு. பொழுதுபட்டு ஊரெல்லாம் விளக்கும் தண்ணி மோட்டரும் போட்டால் எங்களுக்கு வோல்டேஜ் கீழே போகும். மெசின் நிற்காது, ஆனால் சத்தம் மாறும், 800இல் ஓடுவது மூச்சு வாங்குகிற மாதிரி இறங்கும், பிறகு சட்டென்று ஏறும், அந்த ஏற்றத்தில்தான் கோடு தப்பும். அதனால் விடியப்புறம் ஐந்து மணிக்கு எழும்பி வெட்டுகிறேன். சத்தம் பெரிதில்லை, தையல் மெசினுக்குக் கொஞ்சம் கூட, அயலுக்குக் கேட்காது. மெசின் புத்தகத்தில் இது எழுதியிருக்காது, வன்னியில் லைன் முடிவில் இருக்கிறவர்கள் கணக்கில் எடுங்கள்.

இனி மரம். வன்னியில் இருந்துகொண்டு மரத்துக்கு என்ன பஞ்சம் என்பீர்கள். காட்டில் நிற்பதற்கும் கையில் எடுப்பதற்கும் நடுவே சட்டம் இருக்கிறது, மரம் வெட்டவும் ஏற்றவும் அனுமதி வேண்டும், ஆகவே காட்டுப் பக்கமே போகவில்லை. மரக்காலையிலும் தளபாடப் பட்டறைகளிலும் அடுப்புக்குப் போகிற ஓரத் துண்டுகள்தான் எனக்குத் தோதானவை. கதிரைக் கால் வெட்டிய மிச்சமே இரண்டு கூட்டுக்குக் காணும். ஒட்டுசுட்டான் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஓடாவி ஐயா ஒருவர் ஒரு உரப்பை நிறைய 200 ரூபாவுக்குத் தந்தார், காசை வாங்கிக்கொண்டு, "விளையாட்டுச் சாமான் செய்யவே?" என்று சிரித்தார். அடுத்த முறை ஒரு கூட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், திருப்பித் திருப்பிப் பார்த்தார், எந்த இடத்திலும் ஒட்டு இல்லையே என்று நகத்தால் கீறிப் பார்த்தார். அதற்குப் பிறகு காசு வாங்குவதில்லை.

பாலையை இந்த மெசினில் போடாதீர்கள். தண்ணியில் போட்டால் தாழுகிற மரம், ஒரு கூட்டுக்கு மூன்று பிளேட் போனது, மோட்டர் தொட முடியாத சூடு. முதிரை வெட்டினால் அழகு சொல்லி வேலை இல்லை, பட்டு மாதிரி மினுங்கும், ஆனால் அதன் தூள் பலருக்குத் தோலில் சொறியும் தடிப்பும் கொண்டுவரும். எனக்கும் வந்தது, முழங்கை வரை, முகமூடி போட்டிருந்தும் கழுத்தில் பிடித்தது. இப்போது முதிரை என்றால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, கூரைக்கு மட்டும் சின்னத் துண்டு. தேக்கு நன்றாகவே வெட்டுப்படும், ஆனால் அதற்குள்ளே மணல் மாதிரிச் சிலிக்கா இருக்கிறது, பிளேட்டின் கூர் சீக்கிரம் மழுங்கும். பனை சரிவராது, கறுப்பு நார் கல்லு மாதிரி, இடையில் உள்ளது பஞ்சு மாதிரி, பிளேட் நாரோடு நாராக ஓடிப் போய்விடும். பலா நல்லது, மஞ்சள் நிறம் நாள் போகப் போகத் தேன் நிறமாகும். ஆனால் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது வேம்பு. சிவந்த நிறம், மகோகனிக்குச் சொந்தக்கார மரம்தானே, வெட்டும்போது தொண்டைக்குள்ளே கசப்பு இறங்கும், அதைப் பொறுத்துக்கொண்டால் வளைவில் பிளவுபடாது.

வேம்பில்தான் அந்தச் சம்பவமும் நடந்தது. ஒரு துண்டு, பார்க்க எந்தக் குறையும் இல்லை, ஒரு மூலையில் மட்டும் கறுத்த கறை, மழையில் ஊறின கறை என்று நினைத்தேன். கூரைக் கோட்டில் பாதி போயிருக்கும், கிறீச் என்று ஒரு சத்தம், பிளேட் தெறித்து இரண்டாகி மேல் துண்டு கண்ணாடியில் பட்டது. கண்ணாடி போட்டிருந்தேன், தெய்வாதீனம். உளியால் பிளந்து பார்த்தால் உள்ளே நகம் அளவில் ஒரு ஷெல் துண்டு, மரம் அதைச் சுற்றி மூடி வளர்ந்திருக்கிறது. எங்கள் பக்கத்து மரக்காலைக்காரர்களுக்கு இது புதிதில்லை, பெரிய வாளே பல்லுப் போகும், அதனால் சில இடத்து மரத்தை விலை குறைத்துத்தான் எடுப்பார்கள். 2009இல் சண்டை முடிந்த பிறகு முளைத்த மரமாக இருந்தால் பயமில்லை, ஆனால் ஓரத் துண்டைப் பார்த்து வயது சொல்ல யாரால் முடியும். இப்போது பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒவ்வொரு துண்டின் நாலு பக்கமும் தேய்த்துவிட்டுத்தான் மெசினில் வைக்கிறேன். இரும்புக்குத்தான் அது சரி, ஈயத்தையும் பித்தளையையும் காட்டிக்கொடுக்காது. ஆகவே கறுத்த கறை உள்ள துண்டு நேரே அடுப்புக்கு. கண்ணாடி இல்லாமல் இந்த மெசின் முன்னால் குந்தாதீர்கள், எந்த மரமாக இருந்தாலும்.

வடிவங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படங்கள் எல்லாம் பனி வழுக்கி விழுகிற செங்குத்துக் கூரை. முதல் நாற்பதில் இருபது அப்படியே செய்தேன், கேட்டது அதுதான். பிறகு அலுத்தது. நம்மூரில் யார் குருவிக்குப் பலகை வீடு கட்டினார்கள், முந்தி கடைத் தாழ்வாரங்களில் அடைக்கலக்குருவிக்கு மண்முட்டி கட்டித் தொங்கவிடுவார்கள், மற்றப்படி தூக்கணாங்குருவி தானே நெய்து பனையோலையில் தொங்கவிட்டுக்கொள்ளும். அந்த முட்டியை வரைந்தேன், உருண்டை வயிறும் குறுகிய கழுத்தும் இந்த இரட்டை வெட்டுக்கென்றே அளவெடுத்த மாதிரி வந்தது. தூக்கணாங்கூடு இன்னும் திறம், நீண்ட கழுத்து கீழே இறங்கும், ஆனால் கழுத்து 6 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் டேப்பைக் கழற்றும்போது முறியும். முறிந்தவை ஒரு சிரட்டை நிறைய இருக்கிறது. கிடுகுக் கூரை மாதிரி கீறல் போட்ட குடில் ஒன்றும் செய்தேன், அதுதான் கனடாவில் முதலில் விற்று முடிந்ததாம்.

ஒன்றை அனுப்பவில்லை. சண்டை முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது தோட்டத்து எல்லையில் தலை போன பனைகள் நின்றன, வெறும் கம்பம், உச்சி உக்கி ஓட்டை விழுந்து, அதற்குள்ளே கிளிகள் குடியிருந்தன. அதை வெட்டிப் பார்த்தேன், நேர்க் கம்பம், மேலே கொஞ்சம் சிதைந்த விளிம்பு, வாசல் துளை ஒன்று. வெட்டுவதற்கு எல்லாவற்றிலும் லேசு. அம்மா கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார், "இதைக் கனடாவுக்கு அனுப்ப வேண்டாம்" என்று கண்ணாடி அலுமாரியில் கோப்பைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அங்கேதான் இருக்கிறது.

நேரக் கணக்கு கேட்பவர்களுக்கு: கட்டை சீவி, ஒட்டி, துளைத்து, வெட்டி, தேய்த்து, கொளுக்கி போட ஒரு கூட்டுக்கு 35 நிமிடம் போகிறது, அதில் மெசின் ஓடுவது பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். ஒரு நல்ல பிளேட் வேம்பில் மூன்று கூடு வெட்டும், தேக்கில் இரண்டு கூட முழுசாக வராது. முடிந்த கூடு 30 கிராம் அளவில் இருக்கும். முதலில் ஒன்றரை அங்குலக் கட்டையில் செய்தேன், பாரம், நத்தார் மரக் கிளை தலைகுனிந்தது, அதனால்தான் ஒன்றேகாலுக்கு இறங்கினேன். குச்சிக்குப் பல்லுக்குத்தும் குச்சியை முறித்துச் செருகினால் போதும். பூச்சு வேண்டாம், தேங்காயெண்ணெய் தடவினேன், சில மாதத்தில் சிக்கு மணம் வந்தது, பிறகு தேன்மெழுகுக்கு மாறினேன்.

யார் வாங்கலாம்? பெயர்ப்பலகை வெட்ட, பாடசாலைக்குப் புதிர்ப்படம் வெட்ட, என்னைப் போல ஓரத் துண்டை வைத்துச் சின்னச் சாமான் செய்ய நினைத்தால் வாங்குங்கள், பிழை பார்த்துத் திருத்துகிற பொறுமை இருந்தால் மட்டும். கதவு நிலை, கட்டில் தலைப்பலகை செதுக்க நினைத்தால் இது அதற்கில்லை, காசு வீண். பெட்டியிலிருந்து எடுத்து நேரே வேலை செய்ய வேண்டும் என்பவர்கள் இரண்டு மடங்கு காசு போட்டு நல்லதாக எடுங்கள். ஐந்துக்கு நான் கொடுப்பது மூன்றரை. பித்தளைத் திருகாணி போட்ட பிறகு நாலு, ஆனால் அந்த அரை நட்சத்திரம் கடைசல் பட்டறை அண்ணைக்கு.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. நல்ல பிளேட் இங்கே எந்த ஹாட்வெயாரிலும் இல்லை, வவுனியாவிலும் தேடிப் பார்த்தேன், கேட்டால் இரும்பறுக்கும் பிளேட்டை எடுத்து நீட்டுகிறார்கள். மச்சாள் அனுப்பியதில் மிச்சம் மூன்று. கொழும்பில் யாராவது ஊசி இல்லாத நம்பர் 7 பிளேட்டைக் கண்டால் எனக்கும் இரண்டு டசின் சேர்த்து எடுத்து யாழ்ப்பாண பஸ்ஸில் போட்டுவிடுங்கள், மாங்குளம் சந்தியில் நின்று வாங்கிக்கொள்கிறேன், காசு கையோடு.